வாளியை உதைத்தவரும் மண்டையைப் போட்டவரும்

ஆங்கிலத்தில் ஒருவர் இறந்துபோனதைச் சொல்ல 'கிக் த பக்கெட்' என்றொரு தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால், வாளியை உதைத்தார். வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் விற்கிற வழிகாட்டி நூல்களில் இது தவறாமல் இருக்கும். எதிரே 'இறந்தார்' என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருப்பார்கள். மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்குகிறார். நாளைக்கு வேலையில் சேர்ந்து, மேலாளரின் தந்தை காலமான செய்தி கேட்டு, இரங்கல் மின்னஞ்சலில் அதே தொடரை எழுதினால் என்ன ஆகும்? 'உங்கள் அப்பா மண்டையைப் போட்டதை அறிந்து வருந்துகிறேன்' என்று எழுதியது போல ஆகும். பொருளில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த மேலாளர் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

ஆங்கிலத்தின் வேடிக்கைத் தொடர்களைப் பற்றித் தமிழில் வந்திருக்கும் பட்டியல்கள் ஏராளம். அவை எல்லாம் பொருளோடு நின்றுவிடுகின்றன. யார், யாரிடம், எப்போது சொல்வது என்பதைச் சொல்வதில்லை. நம் பெரியவர்கள் 'இடம், பொருள், ஏவல்' என்று மூன்றையும் சேர்த்தே சொன்னார்கள். இந்தப் பட்டியல்களில் நடுவில் இருப்பது மட்டும் இருக்கிறது.

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டி, கேளம்பாக்கத்துக்கு முன்னால் வரும் படூரில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. ஊருக்குள் ஹிந்துஸ்தான் பல்கலைக்கழகம், சற்றுத் தள்ளிச் சிறுசேரி சிப்காட். சாலையின் இரண்டு பக்கமும் விடுதிகள், மெஸ்கள், 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' பலகைகள். தமிழ்வழியில் படித்துவிட்டு வெளி மாவட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இங்கே ஆங்கிலம் சோறு போடும் மொழி. இலக்கணப் பிழை செய்தால் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வேடிக்கைத் தொடர் இடம் மாறி விழுந்தால் மட்டும் அறையே சிரித்துவிடும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயே திறக்காதவர்கள் எத்தனையோ பேர்.

சாவைப் பற்றிய தொடர்களையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். எந்த மொழியிலும் வேடிக்கை அதிகம் குவிந்திருப்பது அங்கேதான். ஆங்கிலத்தில் வாளியை உதைப்பது தவிர, புழுதியைக் கடிப்பது, டெய்சிப் பூக்களை மண்ணுக்கு அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருப்பது, ஆறடிக்குக் கீழே இருப்பது என்று ஒரு படையே இருக்கிறது. தமிழ் எதிலும் குறைந்ததில்லை. மண்டையைப் போட்டார், வாயைப் பிளந்தார், டிக்கெட் வாங்கிவிட்டார், சங்கு ஊதியாயிற்று. டெய்சிப் பூவுக்கு நேரான தமிழ்கூட இருக்கிறது: 'அவன் செத்த இடத்துல புல்லு முளைச்சுப் போச்சு.'

பவணந்தி முனிவரின் நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக வகுக்கிறது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். வேடிக்கைத் தொடர் இந்த மங்கலத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட வழக்கு. மங்கலம் துயரத்தின் முன் குரலைத் தாழ்த்துகிறது. வேடிக்கைத் தொடரோ துயரத்துக்கு எட்ட நின்றுகொண்டு சொல்வது. அதனால்தான் செத்தவர் நமக்கு யார் என்பதைப் பொறுத்து அதன் தகுதி மாறுகிறது.

கோவளத்துக்குப் போனால் மங்கல வழக்கைச் சுவரிலேயே வாசிக்கலாம். தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் மீனவர் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் அது. இந்தக் கடற்கரைச் சாலையின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் ஒருவர் 'இயற்கை எய்தினார்', இன்னொருவர் 'சிவலோகப் பதவி அடைந்தார்', அடுத்தவர் 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்', அதற்கடுத்தவர் 'வஃபாத்தானார்'. சுவரொட்டிக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் 'ஆளு போய்ச் சேந்துட்டாரு' என்கிறார். இவை எதுவும் தப்பில்லை. சுவரில் இருப்பதை டீக்கடையில் சொன்னால் நாடக வசனமாகும்; டீக்கடையில் சொன்னதைச் சுவரில் அச்சிட்டால் கைகலப்பாகும். இந்த வித்தியாசத்தை நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆங்கிலத்தில் இதையே பாடமாக நடத்த வேண்டியிருக்கிறது, நடத்துவாரைத்தான் காணோம்.

வாளி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785இல் வெளியிட்ட கொச்சை மொழி அகராதியிலேயே இந்தத் தொடர் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தின் சில வட்டாரங்களில், அறுத்த பன்றியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடும் மரச்சட்டத்துக்கு பக்கெட் என்று பெயர். துடிக்கும் பன்றியின் கால் அதில் இடிக்கும் என்பது அறிஞர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். தூக்குப் போட்டுக்கொள்பவர் ஏறி நின்ற வாளியை உதைத்துத் தள்ளுவார் என்ற கதையும் உலவுகிறது. எதை நம்பினாலும், கேட்கும்போது ஆங்கிலேயர் கண்ணில் பன்றியும் வருவதில்லை, வாளியும் வருவதில்லை. 2007இல் ஜாக் நிக்கல்சனும் மார்கன் ஃப்ரீமனும் நடித்த படம் வந்த பிறகு, சாவதற்குள் செய்துவிட வேண்டியவற்றின் பட்டியலுக்கு 'பக்கெட் லிஸ்ட்' என்ற பெயர் உலகமெங்கும் பரவியது. இன்று நம் பிள்ளைகள் 'லடாக் பைக் ட்ரிப் என் பக்கெட் லிஸ்ட்ல இருக்கு' என்கிறார்கள். அதில் சாவின் நிழல்கூட இல்லை.

பொருள் தெரிந்து இடம் தெரியாமல் போனால் எவ்வளவு அவமானம் வரும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அனுகூல் சந்திர முகர்ஜியின் வாழ்க்கை வரலாற்றை அவர் உறவினரான இளைஞர் ஒருவர் 1873இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அன்பும் மரியாதையும் நிறைந்த நூல். ஆனால் படித்த மரபுத்தொடர்களையெல்லாம் அதில் கொட்டியிருந்தார். மேடைப் பேச்சுக்கு உரியதும் கடைத்தெருவுக்கு உரியதும் மரணப் படுக்கையின் அருகே ஒன்றாகக் கூடி நின்றன. இங்கிலாந்தில் அதை வாங்கி வாங்கிச் சிரித்தார்கள். மார்க் ட்வெய்ன் 1897இல் வெளியிட்ட பயண நூலில் அதிலிருந்து எடுத்துக் காட்டிச் சிரிக்க வைத்தார். அதே 1897இல் எஃப். ஆன்ஸ்டி என்ற எழுத்தாளர், பஞ்ச் இதழில் தொடராக எழுதிய 'பாபு ஜாபர்ஜி, பி.ஏ.' நூலாக வந்தது. மரபுத்தொடரைத் தப்புத் தப்பாகப் பேசும் இந்தியப் பட்டதாரிதான் அதன் கதாநாயகன்.

அந்த இளைஞரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் கிடைத்ததும் நம் வழிகாட்டி நூல்கள் போன்ற பட்டியல்தான். ஒவ்வொரு தொடருக்கும் பொருள் கொடுத்தார்கள், இடத்தைச் சொல்லித்தரவில்லை. ஆண்டவர்கள் அவரை அப்படிப் படிக்க வைத்துவிட்டு, அப்படிப் படித்ததற்காகவே சிரித்தார்கள்.

ஐரோப்பியர் மட்டும் தப்பினார்களா? பெத்ரோ கரோலினோ என்ற போர்த்துகீசியர் 1855இல் ஆங்கிலம் கற்றுத்தரும் கையேடு ஒன்றைப் போட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போர்த்துகீசிய-பிரெஞ்சுக் கையேடு ஒன்றையும் பிரெஞ்சு-ஆங்கில அகராதி ஒன்றையும் வைத்துக்கொண்டு சமாளித்தார். நெடுநேரம் காத்துக் கிடப்பதற்குப் பிரெஞ்சில் இருந்த ஒரு தொடர், அவர் கையில் 'சின்னக் குரங்கைக் கடித்து மெல்லுதல்' என்ற ஆங்கிலமாயிற்று. இந்த நூலின் 1883ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரும் மார்க் ட்வெய்ன்தான்.

நம் பள்ளிகளில் அதிகம் மனப்பாடம் ஆன ஆங்கிலத் தொடர் எது என்று கேட்டால், யோசிக்காமல் மழையைச் சொல்லலாம். பூனையும் நாயுமாகப் பெய்கிறது. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட உரையாடல் நூலில் இன்றைய வடிவம் இருக்கிறது. அதற்கு முன் 1653இல் ரிச்சர்ட் புரோமின் நாடகம் ஒன்றில் நாயும் மரநாயும் பொழிகின்றன. ஏன் பூனை, ஏன் நாய் என்பதற்கு உறுதியான விடை இல்லை. ஸ்விஃப்ட் 1710இல் லண்டன் மழையைப் பற்றி எழுதிய கவிதையில் செத்த பூனைகளும் நாய்க்குட்டிகளும் சாக்கடை வெள்ளத்தில் அடித்து வரும் காட்சி உண்டு. அங்கிருந்து பலரும் ஊகிக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் கிழவிகளும் தடிகளுமாகப் பெய்யும். இந்தியில் உலக்கை உலக்கையாகப் பெய்யும். தமிழில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அல்லது பேய் மழை.

இந்தத் தொடரிலும் சிக்கல் இடம்தான். இது தாத்தா காலத்து வழக்கு. இன்றைய ஆங்கிலேயர் பெரும்பாலும் 'கொட்டுகிறது' என்று சாதாரணமாகவே சொல்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சாலை முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது, வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையில் பூனையையும் நாயையும் எழுதினால், 2015 டிசம்பர் போன்ற வெள்ளத்தைக்கூட யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அவசரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் வேடிக்கை வேலை செய்யாது.

மழைத் தொடருக்கு இணையத்தில் உலவும் விளக்கம் வேறு. அக்காலக் கூரை வீடுகளில் நாயும் பூனையும் கூரைக்குள் படுத்திருக்குமாம், மழை பெய்தால் வழுக்கி விழுமாம். 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை இது. கூரை மேய்ந்தவர் யாரைக் கேட்டாலும், மழையில் நாய் கூரைக்கு உள்ளே ஏன் ஏறும் என்று திருப்பிக் கேட்பார். 'பாப்ஸ் யுவர் அங்கிள்' என்பதும் அப்படித்தான். 'அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது' என்று பொருள். பிரதமராக இருந்த ராபர்ட் சாலிஸ்பரி 1887இல் தம் மருமகன் ஆர்தர் பால்ஃபருக்கு அயர்லாந்துப் பதவியைத் தூக்கிக் கொடுத்ததிலிருந்து பிறந்தது என்பார்கள். மாமா ராபர்ட், செல்லமாக பாப். ஆனால் தொடர் எழுத்தில் தென்படுவது 1920களில்தான். நடுவில் முப்பது ஆண்டுக்கு மேல் அந்த மாமா எங்கே இருந்தார்?

நமக்கும் இதே நோய் உண்டு. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது தவறாம். 'கழு தைக்கத் தெரியுமாம்' என்பதே சரியாம். கழு என்பது ஒரு வகைக் கோரையாம். வாட்ஸ்அப்பில் இது வராத குடும்பக் குழு இல்லை. மண் குதிரையை மண் குதிர் ஆக்குகிறார்கள். ஆயிரம் பேரைக் கொன்ற அரை வைத்தியனை ஆயிரம் வேரைக் கொண்டவனாக்கி நல்லவனாக்குகிறார்கள். 'கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை' என்று இன்னொரு வடிவம் வழங்குகிறது; அதில் இந்தக் கோரைக்கு வேலையே இல்லை. பழமொழியில் கழுதை கழுதையாகவே நிற்கட்டும். சிரிப்பதற்காகச் செய்ததைத் திருத்துகிறேன் என்று சொல்லிச் சாரத்தைப் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் 1842இல் முதலில் தொகுத்து, 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளாக விரித்து ஆங்கிலத்தோடு வெளியிட்டார். டேனிஷ் பாதிரியார் ஹெர்மன் ஜென்சன் 1897இல் இன்னொரு தொகுப்புப் போட்டார். மக்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிவைத்த இப்படிப்பட்ட தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு இந்தத் திருத்தங்களை அனுப்பலாம்.

விலங்குகள் வரும் தொடர்களுக்கு இந்தக் கடற்கரையை விட நல்ல வகுப்பறை கிடையாது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரும்பாறையில் தேவரும் முனிவரும் யானையும் நாகரும் நிறைந்திருக்கிறார்கள். மேலே எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறார் ஒரு முனிவர். கீழே பெரிய யானையின் பக்கம் குனிந்து பார்த்தால், அவரைப் போலவே முன்கால்களைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை நிற்கிறது. அதற்கும் விலா எலும்பு தெரிகிறது. அதைச் சுற்றிப் பயமில்லாமல் எலிகள். கங்கைக்கரையில் தவம் செய்வதாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் வருகிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அதைத் தபசுக்குக் கீழேயே செதுக்கிவிட்டார். நாம் 'ருத்ராட்சப் பூனை' என்கிறோமே, அது இங்கே கல்லில் நிற்கிறது. சிற்பி செய்திருப்பதில் நுட்பம் இருக்கிறது: உண்மைத் தவத்தை மேலே காட்டிவிட்டுத்தான் போலித் தவத்தைக் கீழே வைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கே சிரிப்பு வரும். இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அங்கிருந்து வடக்கே வந்தால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது. 'முதலைக் கண்ணீர்' ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்து நன்றாகவே ஊன்றிவிட்டது. முதலை உண்மையிலேயே தின்னும்போது கண்ணீர் விடுகிறது. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஆய்வொன்றில் முதலை இனத்தைச் சேர்ந்த ஏழு விலங்குகளைத் தின்னும்போது படமெடுத்தார்கள். ஐந்துக்குக் கண்ணில் நீர் வந்தது. துக்கம் காரணமல்ல, உடலமைப்பு காரணம். இதே பொருளுக்கு நம்மிடம் 'நீலிக் கண்ணீர்' இருந்தது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், பழிவாங்க வந்த நீலி கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனைத் தன் கணவன் என்று ஊர் முன்னால் அழுதாள். அவளை நம்பி வணிகன் உயிருக்கு வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர், அவன் செத்ததும் தீக்குளித்தார்கள் என்பது கதை. முதலை தின்றுகொண்டே அழுகிறது. நீலி தின்பதற்காக அழுகிறாள். நீலிக்கு முன்னால் முதலை வெறும் பிராணி. வலுவான தொடர் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செய்தித்தாள்களில் முதலைதான் அதிகம் அழுகிறது.

பீங்கான் கடையில் புகுந்த காளை என்பார்கள் ஆங்கிலத்தில். மித்பஸ்டர்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீங்கான் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே உண்மையான காளைகளை விட்டுப் பார்த்தார்கள். அவை அழகாக வளைந்து வளைந்து ஓடின, ஏறக்குறைய எதையும் இடிக்கவில்லை. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைச் சொல்லும்போது, விளைநிலத்தில் தானே புகுந்த யானையைக் காட்டுகிறார். அது வாயில் போடுவதைவிடக் காலில் மிதிப்பது அதிகம். காளை வேடிக்கைக்கு. யானை அரசனுக்கு அறிவுரை சொல்ல. இரண்டும் சேதத்தைப் பற்றியவைதான் என்று பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிட்டால் முடிந்தது கதை.

அறைக்குள் நிற்கும் யானையும் அப்படித்தான். ரஷ்யரான இவான் கிரிலோவ் 1814இல் எழுதிய கதையில், அருங்காட்சியகத்துக்குப் போனவர் பூச்சி புழுவையெல்லாம் பார்த்துவிட்டு யானையைக் கவனிக்காமல் வருகிறார். இன்றைய ஆங்கிலத்தில் பொருள் மாறிவிட்டது: எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது' இதற்கு இணை என்று எழுதுகிறார்கள். இணை இல்லை. பூசணிக்காயை ஒருவர் மறைக்கிறார், மற்றவர்கள் ஏமாற வேண்டியவர்கள். யானை விஷயத்தில் அறையில் இருக்கும் அத்தனை பேரும் கூட்டு.

இப்படிக் கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் பேராபத்து. 'புல்லிங் மை லெக்' என்றால் ஆங்கிலத்தில் விளையாட்டாகக் கிண்டல் செய்வது, கலாய்ப்பது. தமிழில் காலை வாரிவிடுவது துரோகம். தமிழ் மனத்தோடு கேட்பவர் கிண்டலைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார். அல்லது உண்மையான துரோகத்தைச் சொல்ல வந்து கிண்டல் என்று சொல்லிவிடுவார். வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதும் வயிற்றில் புளியைக் கரைப்பதும் ஒன்றல்ல. பட்டாம்பூச்சி பெண் பார்க்கப் போகும்போதும் பறக்கும், மேடை ஏறும்போதும் பறக்கும். அதில் ஆசை கலந்திருக்கிறது. புளி கரைவது தேர்வு முடிவு வரும் காலையில், பயம் மட்டும் இருக்கும்போது.

நாடக மேடை ஏறுபவரிடம் ஆங்கிலத்தில் 'காலை ஒடித்துக்கொள்' என்று வாழ்த்துவார்கள். அமெரிக்க நாடகக்காரர்களிடம் 1920களிலிருந்து பரவிய வழக்கு என்பார்கள். தமிழர் காதில் இது சாபம். எங்கள் பக்கம் கிழவிகள் தெருவில் சண்டை போட்டால் சொல்வது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் எண்ணம் நமக்கு அன்னியமே அல்ல. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தவர்கள் நாம். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். கெட்டதைச் சொல்லி ஏமாற்று. 'போகிறேன்' என்னாமல் 'போய்ட்டு வரேன்' என்று இன்றைக்கும் வாசலில் சொல்வது எதற்காக? மாணவரிடம் இதைச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஆங்கிலத் தொடர் ஒரே நொடியில் மனத்தில் இறங்கும். 'பிரேக் எ லெக்: நல்வாழ்த்து' என்று அச்சிட்ட வரி அதைச் செய்யாது.

சிறுசேரி அலுவலகங்களில் வழங்குபவை தனி இனம். நன்னூலார் இருந்திருந்தால் குழூஉக்குறி என்று வைத்திருப்பார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றது போல. 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் குத்துமதிப்பாக ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். 'லோ-ஹேங்கிங் ஃப்ரூட்' என்றால் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் வேலை. ஒருவரை 'பஸ்ஸுக்கு அடியில் தள்ளுவது' என்பதற்கு நம் பிள்ளைகள் பேசும் தமிழிலேயே அட்டகாசமான சொல் இருக்கிறது: கோர்த்துவிடுவது. தன் நிறுவனம் செய்த மென்பொருளைத் தானே பயன்படுத்திப் பார்ப்பதை 'டாக்ஃபுட்' என்பார்கள். தன் நாய்த்தீனியைத் தானே தின்பது. 1988இல் மைக்ரோசாஃப்டில் பால் மாரிட்ஸ் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றிலிருந்து அது பரவியது. 1999இல் வெளிவந்த 'த ப்ராக்மேட்டிக் ப்ரோக்ராமர்' என்ற நூலில் ரப்பர் வாத்து வருகிறது: நிரல் ஓடவில்லையா, மேசையில் இருக்கும் வாத்து பொம்மையிடம் வரி வரியாக விளக்கு, விளக்கும்போதே தப்பு தெரிந்துவிடும். இவையெல்லாம் நேற்றுப் பிறந்தவை. எங்கே பிறந்தன என்று காட்ட முடியும். சொல்கிறவரும் கேட்கிறவரும் படத்தை இன்னும் கண்ணால் பார்க்கிறார்கள்.

'கரகாட்டக்காரன்' திரைப்படம் 1989இல் வந்த பிறகு வாழைப்பழத்தைப் பற்றி விளக்க வேண்டிய அவசியம் தமிழ்நாட்டில் யாருக்கும் இல்லை. கணக்குக் கேட்டால் கேட்டதையே திருப்பிக் காட்டுகிறவரிடம் 'அந்த இன்னொரு பழம் எங்கே' என்றால் போதும். வெளியூர்க்காரருக்கு இதைப் பழம், கடை, கேள்வி என்று சொல்லுக்குச் சொல் விளக்கிப் பாருங்கள். ஜோசஃப் ஹெல்லரின் 1961 நாவலிலிருந்து வந்த 'கேட்ச்-22'வும், 1977இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன் சுறாவின் மேல் தாண்டியதிலிருந்து வந்த 'ஜம்ப் த ஷார்க்'கும் நமக்கு ஏன் உயிரில்லாமல் தெரிகின்றன என்பது அப்போது புரியும்.

மொழிகளுக்கு இடையே சொற்களின் போக்குவரத்து ஒருவழியாக இருந்ததில்லை. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை வருணித்தார். குரோஸின் அகராதி 1811இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டபோது அதில் 'கேட்டமரான்' என்பதற்கு மெலிந்து வற்றிய கிழவி என்று பொருள் போட்டிருந்தது. கோவளத்துக் கட்டுமரம் லண்டன் தெருவில் வசைச்சொல்லாகியிருந்தது. நம் மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' ஆயிற்று; அதைச் சுருக்கி, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களை 'மல்' என்று மற்ற மாகாணத்தார் கேலி செய்ததை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவு செய்திருக்கிறது. ரசம் குடிக்கப் பழகியதற்குக் கிடைத்த பட்டப்பெயர். நாசிக் பக்கத்து தேவ்லாலி முகாமில் கப்பலுக்குக் காத்திருந்து புத்தி பேதலித்த சிப்பாய்களால் 'டூலாலி' பிறந்தது. கிறுக்குப் பிடித்தவர் என்று பொருள். இன்றும் பிரிட்டனில் அதைச் சொல்கிறார்கள்.

வந்தவற்றைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஏற்றுக்கொண்ட விதம் ஒரே சீராக இல்லை. 'வெள்ளை யானை', 'பச்சைக் கொடி' இரண்டும் தமிழாகவே ஆகிவிட்டன. ஒரே கல்லில் இரண்டு பறவைக்குப் பதிலாக இரண்டு மாங்காய் விழுவது மிக அழகு. 'கறுப்பு ஆடு' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கறுப்பாட்டையே வெள்ளாடு என்று மங்கலமாகச் சொன்ன மொழி இது. கூட இருந்தே குழி பறிப்பவரைச் சொல்ல 'கோடரிக்காம்பு' இருக்கிறது. தன் இனத்து மரத்தை வெட்டக் கைப்பிடியாகப் போன மரம். இவ்வளவு கச்சிதமான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

படூரில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் செய்யக்கூடியது எளிது. தொடர், பொருள் என்ற இரண்டு கட்டத்தோடு மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள்: யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது. அதை மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள், தமிழ் இணையைப் பக்கத்தில் எழுத வைத்து. தேர்வு நடத்துபவர்களும் நான்கு பொருளுக்குப் பதில் நான்கு ஆட்களைக் கொடுக்கலாம். 'பிரேக் எ லெக்' என்று யாரிடம் சொல்வீர்கள்? நாளை கல்லூரி நாடகத்தில் நடிக்கப்போகும் தோழி. நேர்முகத் தேர்வு எடுக்கும் அதிகாரி. திருப்போரூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கும் சித்தப்பா. வாசலில் வழியனுப்பும் பாட்டி.